வலிப்புக்கு மூளை ஸ்கேன்: எதை எடுப்பது, எது பணத்துக்குத் தண்டம்

"பிரெய்ன் எம்.ஆர்.ஐ எவ்வளவு? மெஷின் ஒன்றரையா, மூன்றா?" ஸ்கேன் சென்டருக்கு வரும் போனில் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விதான் இருக்கும். ஒன்றரை, மூன்று என்பது மெஷினின் காந்த பலம். வீட்டில் ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்து, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, நாலு இடத்தில் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். விலை கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வலிப்பைப் பொறுத்தவரை மெஷினின் பலத்தைவிட இரண்டு விஷயங்கள் பெரியவை: எந்த முறையில் படம் எடுக்கிறார்கள், யார் அதைப் படிக்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை. நான் எம்.ஆர்.ஐ கன்சோலில் உட்கார்ந்து படம் எடுக்கும் டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது என் வேலையில்லை. மருந்தைப் பற்றிப் பேசவும் மாட்டேன். எந்த ஸ்கேனில் எது விழும், எது நழுவும் என்று தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஸ்கேனே வேண்டாத இடம்

எல்லா வலிப்புக்கும் மூளைப் படம் தேவைப்படுவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சலோடு வந்து சில நிமிடத்தில் நின்றுபோகும் சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு வேண்டாம். பள்ளிப் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிற ஆப்சன்ஸ் வகை, காலையில் எழுந்ததும் கை வெட்டிக் கையிலிருந்த டம்ளர் தெறிக்கிற ஜுவனைல் மயோக்ளோனிக் வகை ஆகியவற்றில் நடந்ததைப் பொறுமையாகக் கேட்பதும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி-யுமே பெரும்பாலும் போதும். எம்.ஆர்.ஐ எடுத்தாலும் நார்மல் என்றுதான் வரும். "இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம்" என்று நியூராலஜிஸ்ட் சொன்னால் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு கை மட்டும் இழுப்பது, வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவதுபோல் தோன்றிப் பிறகு நினைவு மங்கி வாயை மென்றுகொண்டிருப்பது, பெரியவர் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வருவது, மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருவது, இவையெல்லாம் வேறு கணக்கு. இங்கே மூளையின் அமைப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சிடியா, எம்.ஆர்.ஐ-யா

அவசரப் பிரிவுக்கு முதல் வலிப்போடு வருபவருக்கு சிடி எடுப்பது சரியான முடிவுதான். சில நொடிகளில் முடிந்துவிடும். ரத்தக்கசிவு, மண்டையோட்டு முறிவு, பெரிய கட்டி, மூளை வீக்கம் இவை உடனே தெரியும். நினைவில்லாமல் கிடப்பவரை எம்.ஆர்.ஐ குழாய்க்குள் அரைமணி நேரம் வைத்திருக்க முடியாது. தலைக்கான சிடி ஒன்றில் சேரும் கதிர்வீச்சு, ஓராண்டில் நாம் இயற்கையிலிருந்து பெறும் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். ஒருமுறைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு ஃபிட்ஸுக்கும் ஒரு சிடி என்று போனால்தான் யோசிக்க வேண்டும்.

சிடியை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு வேலூர் கதையைச் சொல்ல வேண்டும். 1980-களில் இந்தியாவில் சிடி பரவியபோது, வலிப்போடு வந்த பலரின் படத்தில் கான்ட்ராஸ்ட் என்ற சாயமருந்தை ஊசியில் ஏற்றியதும் மினுங்கும் சின்ன வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பலருக்கும் மாதக்கணக்கில் டி.பி மாத்திரை கொடுக்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி-யில் மேத்யூ சாண்டி, வி. ராஜசேகர் முதலான நரம்பு அறுவை மருத்துவர்கள் அந்தத் திசுவை எடுத்துப் பரிசோதித்து, 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த அந்த ஒற்றை வளையங்களில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி என்று காட்டினார்கள். பின்னாளில் வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பில், வலிப்பு தொடர்ந்து வருபவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இதுவே காரணம் என்று தெரியவந்தது. பன்றிக்கறி சாப்பிடாத வீட்டிலும் இது வரும். புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை தண்ணீருக்கோ கீரைக்கோ வந்தால் போதும். "நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?" என்று ரிப்போர்ட்டோடு வந்து நிற்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அந்தப் புழுக்கட்டி ஆறிச் சுண்ணாம்புப் புள்ளியாக நின்றுவிட்டால், அதைக் காட்டுவதில் இன்றைக்கும் சிடிதான் கெட்டிக்காரன். எம்.ஆர்.ஐ-யில் அதற்கென்று ஒரு வரிசையை (ஒரே வகையில் எடுக்கும் படத் தொகுப்பை வரிசை என்போம்) சேர்த்து எடுக்காவிட்டால் அந்தப் புள்ளி நழுவிவிடும். ஆகவே நம் பக்கத்தில், முதல் வலிப்புக்கு சிடி எடுத்ததை வீண் செலவு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் சிடி நார்மல் என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. மருந்துக்கு அடங்காத வலிப்பின் முக்கியமான காரணங்கள் சிடியில் தெரிவதே அரிது. ஐரோப்பாவில் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட 9523 பேரின் மூளைத்திசுவை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். முதலிடத்தில் இருந்தது, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பாகிப்போன நிலை, 36 சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்து மெதுவாக வளரும் கட்டிகள். அதற்கடுத்து, கருவில் மூளை உருவாகும்போதே அதன் மேற்பரப்பான புறணியின் அடுக்குகள் ஒழுங்காக அமையாமல் போகும் டிஸ்பிளாசியா முதலான குறைகள். பிள்ளைகளில் இதுதான் அதிகம். சுருங்கிய ஹிப்போகேம்பஸும் சின்ன டிஸ்பிளாசியாவும் பெரும்பாலும் சிடியின் கண்ணுக்குப் படாதவை. அதற்கு எம்.ஆர்.ஐ வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட எம்.ஆர்.ஐ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாதாரண எம்.ஆர்.ஐ, வலிப்புக்கான எம்.ஆர்.ஐ

தலைவலிக்கும் பக்கவாதத்துக்கும் வலிப்புக்கும் ஒரே மாதிரி எடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். 5 மில்லிமீட்டர் தடிமனில் துண்டு துண்டாக, நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, நாலைந்து வரிசை. பக்கவாதத்துக்கு அது போதும். டிஸ்பிளாசியா என்பது ஒரு மடிப்பின் அடியில் புறணி லேசாகத் தடித்து, சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே உள்ள எல்லை கொஞ்சம் மங்கியிருப்பது. 5 மில்லிமீட்டர் துண்டில் அது அப்படியே கரைந்துபோகும்.

ஜெர்மனியின் பான் நகரில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. சாதாரண எம்.ஆர்.ஐ-யை வலிப்பில் தனிப் பயிற்சி இல்லாதவர்கள் படித்தபோது, இருந்த குறைகளில் 39 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். அதே படத்தை வலிப்பு நிபுணர்கள் படித்தபோது 50. வலிப்புக்கென்றே திட்டமிட்டு எடுத்த படத்தை நிபுணர்கள் படித்தபோது 91. பாதிக்குக் குறைவாக இருந்தது பத்தில் ஒன்பதாக உயர்ந்தது எடுத்த விதத்தாலும் படித்த கண்ணாலும்தான். வேறெந்த எண்ணை மறந்தாலும் இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கத்தின் குழு 2019-இல் இதற்கு எளிமையான ஒரு முறையை வகுத்துக் கொடுத்தது. ஹார்னெஸ் என்று பெயர். மூன்றே வரிசைகள் (டி1, ஃபிளேர், டி2 என்பவை திசுவை வெவ்வேறு விதமாகக் காட்டும் பட வகைகள்): இடைவெளியில்லாமல் 1 மில்லிமீட்டர் கனத்தில் தலை முழுக்க ஒரு முப்பரிமாண டி1, அதே கனத்தில் ஒரு முப்பரிமாண ஃபிளேர், ஹிப்போகேம்பஸுக்குச் செங்குத்தாக நுணுக்கமான ஒரு கரோனல் (முன்னிருந்து பின்னாகத் துண்டு துண்டாக வெட்டும்) டி2. எல்லாம் சேர்த்து அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். புது மெஷின் வாங்கத் தேவையில்லை. இருக்கும் மெஷினிலேயே எடுக்க முடியும்.

அந்த மூன்றாவது வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனென்றால் அது முழுக்க எங்கள் கையில் இருக்கிறது. ஆளைப் படுக்கவைத்து, தலையைக் காயில் என்ற கூண்டுக்குள் பொருத்தி, இரண்டு பக்கமும் மெத்தை வைத்து இறுக்கிவிட்டு வெளியே வருவோம். முதலில் மூன்று திசையிலும் மங்கலாக ஒரு படம் வரும். அதன்மேல் கோடு போட்டுத்தான் எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்கிறோம். ஹிப்போகேம்பஸ், காதுப் பக்கமுள்ள டெம்போரல் மடலின் உட்புறத்தில் நாலைந்து சென்டிமீட்டர் நீளத்தில், முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் சாய்வாகக் கிடக்கும். பக்கவாட்டுப் படத்தில் அதன் நீளவாக்கைக் கண்டுபிடித்து அதற்குச் செங்குத்தாகக் கோடு வைக்க வேண்டும். அவசரத்தில் நெற்றிக்கு இணையாகக் கோட்டை வைத்துவிட்டால், வெள்ளரிக்காயைச் சாய்த்து வெட்டியதுபோல் துண்டு நீண்டு, உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தாலோ இன்னும் மோசம். வலது பக்கம் ஓர் இடத்திலும் இடது பக்கம் வேறோர் இடத்திலும் வெட்டுப்படும். நல்ல ஹிப்போகேம்பஸ்கூட ஒரு பக்கம் சிறியதாகத் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தானே ரேடியாலஜிஸ்ட் முடிவுக்கு வருகிறார்! சரியாக எடுத்த படத்தில் சுருக்கம், டி2-இல் கூடுதல் வெளிச்சம், உள்ளடுக்கு அழிந்திருப்பது என்று மூன்று அடையாளமும் சேர்ந்து தெரியும்.

அப்புறம் அந்தச் சீட்டு. "சீஷர், எம்.ஆர்.ஐ பிரெய்ன்" என்று மூன்றே சொல்லோடு வரும் சீட்டுகள்தான் அதிகம். "இடது கையில் தொடங்குகிறது, இ.இ.ஜி-யில் வலது முன்மடல்" என்று ஒரு வரி இருந்தால், படிப்பவர் அந்த இடத்தை மடிப்பு மடிப்பாகப் பார்ப்பார். டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஃபிட்ஸ் வரும்போது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதிலிருந்துதான் அந்த வரி பிறக்கும்.

ஆகவே போனில் கேட்க வேண்டிய கேள்வி: "எபிலெப்ஸி புரோட்டோகால் எடுப்பீர்களா?" எடுப்போம் என்று சொன்னால், "3டி ஃபிளேரும் ஹிப்போகேம்பஸ் கரோனலும் உண்டா?" என்று இன்னொன்று. பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. புழுக்கட்டி, காசநோய், கட்டி என்ற சந்தேகம் இருந்தால் வேண்டும். பல ஆண்டுகளாக வரும் டெம்போரல் வலிப்புக்கு ஹிப்போகேம்பஸைப் பார்க்க அது தேவையில்லை. "கான்ட்ராஸ்ட் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியுமாமே" என்று கூடுதல் பணம் கட்டத் தயாராக வருகிறவர்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றரை, மூன்று, ஏழு

டெஸ்லா என்பது காந்தத்தின் பலம். கூடக் கூடப் படம் நுணுக்கமாகும் என்பது உண்மை. ஆனால் என் வரிசை இது: வலிப்புக்கான முறையில் எடுத்த 3 டெஸ்லா முதலிடம், அதே முறையில் எடுத்த 1.5 டெஸ்லா இரண்டாமிடம், வழக்கமான முறையில் எடுத்த 3 டெஸ்லா கடைசி. 3 என்று பலகை மாட்டியிருக்கிறதே என்று அதிகப் பணம் கட்டி, அதே 5 மில்லிமீட்டர் துண்டுகளை வாங்கிக்கொண்டு போவது வீண். உடலில் பேஸ்மேக்கர், வேகஸ் நரம்புத் தூண்டி, மூளை ரத்தக்குழாய் கிளிப் இருந்தால் எந்தப் பலம் வரைக்கும் அனுமதி என்று அந்தக் கருவியின் அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், சிலருக்கு 1.5-தான் வழி, சிலருக்கு எம்.ஆர்.ஐ-யே இல்லை.

7 டெஸ்லா மெஷினுக்கு அமெரிக்காவில் 2017-இல் மருத்துவப் பயன்பாட்டு அனுமதி கிடைத்தது. 3-இல் தெரியாத சில டிஸ்பிளாசியாக்கள் அதில் தெரிகின்றன. ஆனால் டெம்போரல் மடலின் அடிப்பகுதியில், வலிப்புக்கு மிக முக்கியமான அதே இடத்தில், படம் மங்கும் தொல்லை அதற்கு உண்டு. சாதாரண ஆள் தேடிப் போக வேண்டிய இடமில்லை அது.

கைக்குழந்தைகள் விஷயத்தில் எந்தப் பலமும் உதவாத ஒரு காலம் இருக்கிறது. பிறந்து ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை மூளையின் வெள்ளைப் பகுதி இன்னும் முதிர்ந்துகொண்டே இருப்பதால், டிஸ்பிளாசியா படத்தில் ஒளிந்துகொள்ளும். அப்போது நார்மல் என்று வந்தாலும், வலிப்பு தொடர்ந்தால் இரண்டரை வயதுவாக்கில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். "ஏற்கெனவே எடுத்தாச்சே" என்று மறுக்க வேண்டாம்.

"வலிப்பு வந்தால் மூளை சுருங்குமாமே?"

செய்தியில் படித்துவிட்டு இப்படிக் கேட்பவர்கள் உண்டு. செய்தியின் வேர் எனிக்மா என்ற கூட்டு ஆய்வு. 14 நாடுகளில் உள்ள 24 ஆய்வு மையங்கள் வலிப்புள்ள 2149 பேரின் எம்.ஆர்.ஐ-யையும் வலிப்பில்லாத 1727 பேரின் படத்தையும் சேர்த்து அளந்து 2018-இல் வெளியிட்டன. மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் வலது பக்கத்தின் கொள்ளளவும், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் புறணியின் தடிமனும் வலிப்புள்ளவர்களில் சராசரியாகச் சற்றுக் குறைந்திருந்தன. வழக்கமான ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும் வகைகளிலும் இது தெரிந்தது என்பதுதான் அதில் புதுமை.

ஆனால் இது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து அளந்தால் மட்டும் வெளிப்படும் வித்தியாசம். இரண்டு கூட்டத்தின் அளவுகளும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. தலாமஸை அளந்து இவருக்கு வலிப்பு உண்டு, இவருக்கு இல்லை என்று பிரிக்க முடியாது. வலிப்பால் குறைந்ததா, குறைவாக இருந்ததால் வலிப்பு வந்ததா, மருந்தின் வேலையா என்பதையும் ஒரே முறை எடுத்த படம் சொல்லாது. ஃபெனிடாயினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களில் சிலருக்குச் சிறுமூளை சுருங்குவது தெரிந்த விஷயம். ஆக, மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் கன சென்டிமீட்டர் போட்டுத் தரும் "வால்யூமெட்ரி" ரிப்போர்ட்டுக்கென்று தனியாகப் பணம் கேட்டால், அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்காக டாக்டர் கேட்டிருந்தாலொழிய வேண்டாம் என்பேன்.

நார்மல் என்று வந்த பிறகு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வில், புதிதாக மருந்து தொடங்கியவர்களில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13. மூன்றாவது மருந்தோ கூட்டு மருந்துகளோ சேர்த்த பலன் 4 சதவீதம் மட்டுமே. இதனால்தான் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால் அதை மருந்தெதிர்ப்பு வலிப்பு என்கிறார்கள். இந்த இடத்தில் நிற்பவருக்கு எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் நார்மல் என்றால், வழிகள் நான்கு.

முதல் வழி, இருக்கும் படத்தை வலிப்பு மையத்தில் மறுபடி படிக்கக் கொடுப்பது. செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-இலிருந்து வலிப்பு அறுவை நடக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து பலர் அங்கேதான் போகிறார்கள். இப்படிப்பட்ட மையங்களில் நியூராலஜிஸ்ட், ரேடியாலஜிஸ்ட், அறுவை மருத்துவர் எல்லோரும் வீடியோ இ.இ.ஜி-யோடு சேர்த்து வைத்துப் படத்தைப் பார்ப்பார்கள். போகும்போது அச்சடித்த ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள். ஃபிலிமில் இருப்பது சில துண்டுகள், அதுவும் தபால்தலை அளவில். ஸ்கேனின் முழு டிஜிட்டல் படங்களான டைகாம் கோப்புகள் அடங்கிய சி.டி தட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். பழைய படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ஒவ்வொரு சென்டருக்கும் மாறும்.

இரண்டாவது, முறையாக மறுபடி எம்.ஆர்.ஐ எடுப்பது. முதல் படம் சாதாரண முறையில் எடுத்ததாக இருந்தால் யோசிக்காமல் செய்யலாம். ஃபிட்ஸ் நீடித்து அடங்கிய கையோடு எடுத்தால் மட்டும் கவனம்: வலிப்பே மூளையில் சில நாட்களுக்கு வெளிச்சமான திட்டுகளை உண்டாக்கும், பிறகு அவை மறைந்துவிடும். கட்டி என்று கலங்கிப்போய் வந்து, சில வாரம் கழித்து எடுத்த படத்தில் ஒன்றுமில்லாமல் போகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, பெட் ஸ்கேன் அல்லது ஸ்பெக்ட் ஸ்கேன். இவை அமைப்பைப் பார்க்காமல் மூளையின் இயக்கத்தைப் பார்க்கின்றன. பெட்டில் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் இடம் மங்கித் தெரியும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுப்பது அது. வலிப்பு வந்துகொண்டிருக்கும்போதே ஊசி போட்டு, பிறகு படம் எடுக்கும் ஸ்பெக்ட்டில், தொடங்கிய சில நொடிகளுக்குள் ஊசி ஏற்ற வேண்டும். நர்ஸ் கட்டில் பக்கத்திலேயே ஊசியோடு காத்திருப்பார். தாமதமானால் வலிப்பு தொடங்கிய இடத்துக்குப் பதில் பரவிய இடம் தெரியும். இரண்டில் பெட்தான் நடைமுறைக்கு எளிது. ஆனால் அறுவைக்கான யோசனை இல்லாமல் இரண்டையும் எடுப்பதில் அர்த்தமே இல்லை.

நான்காவது, கணினி. லண்டனில் உருவான மெல்டு கிராஃப் என்ற கருவி பற்றி 2025-இல் ஆய்வு வெளியானது. 23 மையங்களின் 1185 பேருடைய படங்களை வைத்துச் சோதித்தது. ரேடியாலஜிஸ்ட்கள் தவறவிட்டிருந்த டிஸ்பிளாசியாக்களில் 64 சதவீதத்தை அது கண்டுபிடித்தது. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் குணமும் அதற்கு உண்டு, ஆகவே பக்கத்தில் நிபுணர் இருந்தால்தான் பயன். அதற்கும் 1 மில்லிமீட்டர் முப்பரிமாணப் படம்தான் தீனி. 5 மில்லிமீட்டர் துண்டுகளைக் கொடுத்தால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், குறை கண்ணுக்குத் தெரிந்தால் அறுவையில் வலிப்பு நிற்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. கனடாவின் லண்டன் நகரில் டெம்போரல் வலிப்புள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 2001-இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8.

இதற்கு மறுபக்கமும் உண்டு. படத்தில் தெரிவதெல்லாம் வலிப்பின் காரணம் ஆகிவிடாது. அரக்னாய்டு சிஸ்ட், பீனியல் சிஸ்ட் என்ற நீர்க்கட்டிகள், சற்றுத் திரும்பிக் கிடக்கும் ஹிப்போகேம்பஸ் இவையெல்லாம் வலிப்பே வராதவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுபவை. ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்ததும் கூகுளில் தேடி இரவெல்லாம் விழித்திருப்பதைவிட, அது இ.இ.ஜி காட்டும் பக்கத்தோடும் வலிப்பு தொடங்கும் விதத்தோடும் பொருந்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

மருந்தில் வலிப்பு அடங்கிவிட்டவர், பழைய படத்தில் ஒன்றும் இல்லாதவர், ஆண்டுக்கொருமுறை "செக்கப்" என்று எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டியதில்லை. வலிப்பின் விதம் மாறினால், அடங்கியிருந்தது திரும்ப வந்தால், புதிதாகக் கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குளறலோ வந்தால் எடுங்கள். வரும்போது பழைய சி.டி தட்டையும் கொண்டுவாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.